டோக்கன் பெட்டியில் விடுபட்ட பெயர்

என் மனைவியைப் பற்றி எழுத நான் சரியான ஆள் இல்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவளுக்கு வீடே பற்றி எரிந்தாலும் முதலில் செருப்பை ஒழுங்காக வைத்துவிட்டு வருகிற நிதானம். ஆனாலும் நான்தான் எழுத வேண்டியிருக்கிறது. நடந்ததில் பாதியை அவள் யாரிடமும் சொல்ல மாட்டாள். மீதிப் பாதி என் வண்டவாளம்.

நாங்கள் இருவரும் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறோம். மூன்றாவது மாடி, நாற்பது பேர். லிஃப்ட் உண்டு, ஓடாது. மருத்துவமனைகளில் நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் சுவரில் ஒரு பெட்டி மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். “டோக்கன் நாற்பத்தேழு, அறை எண் மூன்று” என்று கூப்பிடும். அந்தப் பெட்டிதான் எங்கள் பிழைப்பு. ஏணியில் ஏறி அதை மாட்டுகிறவன் நான். பெட்டிக்குள் இருக்கிற சாஃப்ட்வேருக்கெல்லாம் பட்டியல் வைத்திருக்கிறவள் அவள்.

அது என்ன பட்டியல் என்று கல்யாணமான புதிதில் நானும் கேட்டேன். அவ்வளவு சின்னப் பெட்டிக்குள் இருநூற்றுப் பதினான்கு சாஃப்ட்வேர் துண்டுகள் இருக்கின்றனவாம். அவற்றில் முக்கால்வாசி எங்கள் ஆட்கள் எழுதியதே இல்லை. உலகத்தில் எங்கெங்கோ யார் யாரோ எழுதியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு லைசென்ஸ் தாள் உண்டு. ‘சம்மதம்’ என்று ஒரு பொத்தானை நாமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அமுக்குவோமே, அதற்கு மேலே பொடி எழுத்தில் இருக்கும் சங்கதி. அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பென்சிலோடு உட்கார்ந்து படிக்கிற ஒரே பிறவி என் மனைவிதான். ஆபீசில் அவளுக்கு வைத்த பெயர் ஷரத்தம்மா. முதலில் கேலியாகத்தான் வைத்தார்கள்.

அவள் சட்டம் படித்தவள் இல்லை. பெட்டியோடு போகிற கையேட்டை டைப் அடிக்கத்தான் வேலைக்குச் சேர்ந்தாள். ஒருநாள் திரையில் வரும் எழுத்துருவின் தாளைப் படித்துவிட்டு, “சார், இது வீட்டு உபயோகத்துக்கு மட்டும்தான் இலவசம், நாம விக்கிற பெட்டியில போடக் கூடாது” என்று முதலாளியிடம் போய் நின்றாள். “எல்லாரும் போடுறாங்கம்மா” என்றார் அவர். அடுத்த மாதமே பக்கத்துக் கட்டடத்துக் கம்பெனிக்கு அதே எழுத்துருவுக்காக வக்கீல் நோட்டீஸ் வந்தது. அன்று மாலையே முதலாளி அவளைக் கூப்பிட்டு, இனி டைப் அடிக்க வேண்டாம், இதையே பார் என்று சொல்லிவிட்டார்.

எனக்கு அவள் விளக்கியது சாப்பாட்டு மேஜையில், நாலு கலர் ஃபைல்களை வைத்துக்கொண்டு.

“சிவப்பு, காசு குடுத்து வாங்குறது. அதுலயும் நமக்குச் சொந்தமாகுறது சாஃப்ட்வேர் இல்லீங்க, ஓட்டிக்கிற உரிமை மட்டும்தான். சிலது ஒரு மெஷினுக்கு, சிலது ஒரு ஆளுக்கு, சிலது வருஷ வாடகை. நீலம், சும்மா குடுக்கிறது, ஆனா படிப்புக்கு, வீட்டுக்குன்னு எல்லை போட்டிருப்பாங்க. பச்சை ரொம்ப நல்லவங்க. என்ன வேணா பண்ணிக்கோ, வித்துக்கோ, என் பேரையும் இந்தத் தாளையும் மட்டும் கூடவே வைன்னு சொல்லுவாங்க.”

“மஞ்சள்?”

“மஞ்சள்தான் கவனமா இருக்க வேண்டியது. எடுத்துக்கோ, மாத்திக்கோ, வித்துக்கோ. ஆனா அதை யார் கையில குடுக்கிறியோ அவங்களுக்கு, உள்ள எழுதியிருக்கிறதையும் நீ மாத்தினதையும் சேர்த்துத் திறந்து குடுக்கணும். நான் உனக்குத் திறந்து குடுத்தேன்ல, நீயும் அப்படியே குடு. நம்ம ஆபீசுக்குள்ளேயே வெச்சு ஓட்டினா கேள்வி இல்ல. பெட்டி வாசலைத் தாண்டிச்சுன்னா கடமை வந்துரும்.”

“ஒண்ணுமே எழுதாம கிடந்தா? அது யாருதும் இல்லதானே, எடுத்துக்கலாம்ல?”

“அதுதான் இருக்கிறதுலயே ஆபத்து. வாசல்ல நிக்கிற சைக்கிள்ல பேர் எழுதலன்னா அது உங்க சைக்கிளா?”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. இந்த விஷயத்தில் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

போன வருடம் ஒரு காலை அவள் ஒரு கடிதத்தோடு என் இடத்துக்கு வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. ‘லைசென்ஸ் அதிகாரி’ என்று முகவரி எழுதி வந்த கடிதம் அது. அப்படி ஓர் அதிகாரி நம் கம்பெனியில் இல்லையே என்று வரவேற்பு மேஜைப் பெண் மூன்று வாரமாக அதை டிராயரில் போட்டு வைத்திருந்தாள். எழுதியவர் முப்பது நாள் கெடு கொடுத்திருந்தார். மிச்சம் ஒன்பது நாள்.

கடிதத்தில் அதட்டல் எதுவும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. எழுதியவர் பதினைந்து வருடத்துக்கு முன்னால், எண்களைக் குரலாகக் கோத்துச் சொல்லும் ஒரு புரோகிராம் எழுதி, மஞ்சள் ஃபைல் வகை லைசென்ஸில் ஊருக்கெல்லாம் கொடுத்தவர். தன் மனைவிக்கு ஸ்கேன் எடுக்க ஒரு மருத்துவமனையில் காத்திருந்தபோது எங்கள் பெட்டி “நூற்றி... ஏழு” என்று கூப்பிட்டிருக்கிறது. நூறைத் தாண்டினால் நடுவில் ஒரு மூச்சு நிற்பது அவர் புரோகிராமில் இருந்த பிழை. திருத்தாமலே விட்டிருக்கிறார். ‘என் பிழையை எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும். பணம் வேண்டாம். பெயரை வையுங்கள், திறந்து கொடுங்கள். முப்பது நாளுக்குள் செய்யாவிட்டால் அதைப் பயன்படுத்த உங்களுக்கு அனுமதி இல்லை’ என்று எழுதியிருந்தார்.

“அந்தக் குரல் பகுதியை நான் ‘நம்முடையது’ன்னு போட்டிருக்கேங்க” என்றாள். “அதுல பேரே இல்ல, தாளே இல்ல. சுருட்டை தம்பி எழுதினதுன்னு நினைச்சிட்டேன். ரெண்டு மாசம் முன்னாடிதான் பெரிய ஆஸ்பத்திரிக்காரங்களுக்குக் கையெழுத்து போட்டுக் குடுத்தேன்.”

இருநூறு பெட்டிக்கான ஆர்டர் அது. ‘எங்களுடையது என்று குறித்தவை அனைத்தும் எங்களுடையவையே’ என்று ஒரு சான்று கேட்டார்கள். அடியில் இருப்பது அவள் கையெழுத்து. அது பொய்யென்றால் ஆர்டர் போகும், அதற்கு முன் அவள் வேலை போகும். வேலையைவிட அந்தக் கையெழுத்தை அவள் எப்படிப் பொத்தி வைத்திருந்தாள் என்பது எனக்குத்தான் தெரியும்.

சுருட்டை என்பது முன்பு எங்களிடம் புரோகிராம் எழுதிய பையனின் பட்டப்பெயர். தலை அப்படி. இப்போது வேறு ஊரில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கிறான்.

அந்தப் பெயரும் தாளும் எங்கே போயின என்று எனக்குத் தெரியும்.

அதற்கு நாலு வருடம் முன்னால் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் ஏணி மேல் நிற்கிறேன். மூன்றாவதாக ஒரு மொழியிலும் கூப்பிட வேண்டும் என்று அன்றைக்குத்தான் சொல்கிறார்கள். பெட்டியின் மெமரி கார்டில் இடமில்லை. கீழே இறங்கி கார்டை லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். குரல் ஃபோல்டருக்குள் இன்னொரு ஃபோல்டர். மாதிரிக்கு என்று பெரிய பெரிய ஒலிகள், கூட ஏதோ நீளமான எழுத்து. யாருக்கு வேண்டும் இது? அழித்தேன். இடம் கிடைத்தது. மூன்று மொழியிலும் பெட்டி கூப்பிட்டது. நர்சுகள் கை தட்டினார்கள். அந்தக் கார்டையே தாய்க் கார்டாக வைத்துக்கொண்டு பிறகு எல்லாப் பெட்டிக்கும் நகல் எடுத்தேன்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அடுத்த வருடம் ஆபீஸ் சர்வர் எரிந்து மொத்தமும் போனது. மிச்சமிருந்த ஒரே நகல் என் தாய்க் கார்டு. அதிலிருந்துதான் எல்லாவற்றையும் மீட்டார்கள். முதலாளி நாற்பது பேர் முன்னால் என்னை நிற்க வைத்து, ‘இவர் இல்லையென்றால் கம்பெனி இல்லை’ என்றார். பெயர் இல்லாத நகல் அன்றைக்கே மூலமாகிவிட்டது. அதைப் பார்த்துத்தான் அவள் பட்டியல் போட்டாள்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவள் எதிரில் நிற்கிறாள், கடிதம் கையில் இருக்கிறது, ஒரே ஒரு வாக்கியம். என் வாய் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கோழைக்கு நாளை என்ற ஒன்று எப்போதும் கையிருப்பில் இருக்கும்.

மறுநாள் முதலாளி அறையில் கூட்டம். அவர் நல்லவர்தான், பயந்தால் மட்டும் கெட்டவர். “இது அந்தச் சுருட்டை பண்ணின வேலை. எங்கேயோ எடுத்து, பேரை அழிச்சிட்டு, தான் எழுதினேன்னு குடுத்திருக்கான். போனைப் போடும்மா” என்றார். அறைக் கதவு திறந்தே கிடக்க, அவள் ஸ்பீக்கரில் போட்டாள். கோபத்தில் அவள் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதில்லை.

“தம்பி, உன்னை நம்பித்தானே நம்முதுன்னு எழுதினேன்? அடுத்தவங்க பேரை அழிக்க உனக்கு எப்படி மனசு வந்துச்சு?”

“அக்கா, நான் எழுதினேன்னு ஒருநாளும் சொல்லலையே. பேரோட, தாளோடதான் வெச்சேன்” என்றான்.

“அப்போ அது நடந்து வெளிய போயிருச்சா?”

“எனக்குத் தெரியலக்கா.”

நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அடுத்த ஐந்து நாள் அவள் தேடினாள். பழைய மெயில்கள், பழைய லேப்டாப்புகள், மூலையில் கிடந்த உடைந்த டிஸ்க்குகள். சுருட்டையின் மேல் குற்றம் சுமத்திவிட்டாளே தவிர அவளுக்கு மனது ஒப்பவில்லை. ‘அவன் அப்படிப்பட்டவன் இல்லையே’ என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள், அப்புறம் மறுபடி தேடுவாள். தேடுகிற பொருள் அவள் கூடவே உட்கார்ந்து இரண்டாம் தரம் குழம்பு கேட்டுக்கொண்டிருந்தது. நான்காவது நாள் காலை, தலை வாரிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்.

“ஏங்க, அந்தத் தாய்க் கார்டுல நீங்க எதையாவது தொட்டீங்களா?”

“என்னையே சந்தேகப்படுறியா?” என்று கத்தினேன். “கம்பெனியைக் காப்பாத்தினதே அந்தக் கார்டு! ஊர்ல இருக்கிற எல்லாரையும் விட்டுட்டு புருஷன்கிட்ட வந்து விசாரணை வைக்கிற!”

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று கத்தியதற்கு இது குறைவில்லை. ஆனால் என் கோபம் அவளுக்குப் பழகியது. எதற்கு எடுத்தாலும் கத்துகிறவன் எப்போது பொய்யாகக் கத்துகிறான் என்று யாருக்குத் தெரியும்? “இல்லங்க, சும்மாதான் கேட்டேன்” என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். இத்தனை வருடக் கோபத்தில் அன்றைக்கு வந்ததைப் போல ஒன்றுக்கு நான் வெட்கப்பட்டதில்லை.

எட்டாவது நாள் சுருட்டை நேரில் வந்துவிட்டான். பஸ்ஸில் ஆறு மணி நேரம். தலைமுடி பாதி கொட்டியிருந்தது, பட்டப்பெயர் மட்டும் பாக்கி. முதலாளி கடிதத்தை ஏற்கெனவே டைப் அடித்து வைத்திருந்தார். ‘அப்போதைய ஊழியர் ஒருவர் நிர்வாகத்துக்குத் தெரியாமல் இதைச் சேர்த்து, ஆசிரியரின் பெயரை நீக்கிவிட்டார்.’ கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம். ஒன்று அவனுக்கு, ஒன்று அவளுக்கு. பெட்டி விஷயமாக ஏதாவது கேட்டால் சொல்ல நானும் இருந்தேன்.

சுருட்டை கடிதத்தை இரண்டு தடவை படித்தான்.

“அக்கா, பேரை வெச்சுட்டுத்தான் போனேன்னு அன்னைக்குச் சொன்னேன். இப்போ யோசிச்சு யோசிச்சு எனக்கே குழப்பமா இருக்கு. நாலஞ்சு வருஷம் ஆச்சு. ஒருவேளை நானே அழிச்சிருப்பேனோ என்னமோ. தூக்கம் வரலக்கா. உங்க வேலை போகக் கூடாது. குடுங்க, போட்டுடறேன்.”

முதலாளி பேனாவை நீட்டினார். என் மனைவி, “தம்பி, தெரியாம போடாத” என்றாள். “பரவால்லக்கா” என்று அவன் பேனாவின் மூடியைக் கழற்றினான். தாளை நேராக்கினான். செய்யாத ஒன்றைச் செய்தேனோ என்று ஒருத்தனை நம்பவே வைத்துவிட்டேன். பேனா முனை தாளில் பட்டது.

“போடாத! நான்தான் அழிச்சேன்.”

சத்தம் எனக்கே அதிகமாகக் கேட்டது. ஏணி, கார்டு, மூன்றாவது மொழி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். தெரியாமல் செய்தது, இடம் வேண்டுமென்று செய்தது என்று எனக்கு நானே வக்கீலாகவும் பேசினேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எப்போ?” என்றாள்.

“நாலு வருஷம் முன்னாடி, அந்தக் குழந்தைங்க ஆஸ்பத்திரியில...”

“அதைக் கேக்கல. நீங்கதான்னு உங்களுக்கு எப்போ தெரியும்?”

“நீ லெட்டரைக் காட்டின அன்னைக்கே.”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். எட்டு நாள் என்று அவள் மனதுக்குள் எண்ணியது எனக்குக் கேட்டது. பிறகு எழுந்து நின்று சுருட்டையைப் பார்த்தாள். “தம்பி, என்னை மன்னிச்சிடு. போன்ல பேசினது ஒவ்வொண்ணுக்கும்.” அவன் பதறி எழுந்து, “ஐயோ, உக்காருங்கக்கா” என்றான். அப்புறம் அவனுக்கே கண் கலங்கி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அழுதது நிம்மதியிலா, என் மேல் கோபத்திலா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

முதலாளிக்கு முகம் தெளிந்துவிட்டது. “அப்போ இவர் பேர்ல மாத்தி அடிச்சிடலாம். தொழில்நுட்ப ஊழியரின் கவனக்குறைவு. முடிஞ்சுது!”

“முடியல சார்” என்றாள் அவள். “அதை நாம சேர்த்தது தப்பே இல்ல. சேர்த்துக்கலாம், விக்கலாம்னுதான் அந்த லைசென்ஸே சொல்லுது. பேர் இல்லாம குடுத்ததும், திறந்து குடுக்காததும்தான் தப்பு. அதுக்குக் கடிதம் எழுதித் தப்பிக்க முடியாது. செஞ்சு குடுக்கணும்.”

“மொத்தப் பெட்டியையும் திறந்து காட்டினா நாளைக்கே எதிர்க் கம்பெனிக்காரன் அதே மாதிரி பண்ணி விப்பான்மா! நாப்பது குடும்பம்!”

“மொத்தமும் வேண்டாம் சார். குரல் பகுதி தனி புரோகிராம். நம்ம மத்த புரோகிராம் அதுக்கு நம்பரை மட்டும்தான் அனுப்புது, ஒண்ணோட ஒண்ணு கலக்கல. நான் படிச்ச வரைக்கும் அந்தப் பகுதியும் அதுல நாம மாத்தினதும்தான் திறக்கணும். இன்னைக்கே அவருக்கு எழுதி, அது சரிதானான்னு கேட்டுக்கறேன். பெரிய ஆஸ்பத்திரிக்கும் எழுதணும், நான் குடுத்த சான்று தப்புன்னு.”

“ஆர்டர் போயிடும். உன் வேலையும் போகலாம்.”

“போகட்டும் சார். தெரியாம ஒரு பொய்க் கையெழுத்து போட்டாச்சு. தெரிஞ்சு ரெண்டாவது போட மாட்டேன்.”

அவர் டைப் அடித்த தாளை எடுத்து நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

அன்றும் மறுநாளும் அவளும் சுருட்டையும் ஒரே மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். அன்றிரவு அவன் ஊருக்குத் திரும்பவில்லை. எங்கள் வீட்டில்தான் தங்கினான், என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒன்பதாம் நாள் மாலை நாலு மணிக்கு, குரல் பகுதி முழுவதும் ஆசிரியர் பெயரோடும் லைசென்ஸ் தாளோடும் எங்கள் இணையப் பக்கத்தில் ஏறியது. எல்லா மருத்துவமனைகளுக்கும் தகவல் போனது. கடிதக்காரர் இரவுக்குள் பதில் போட்டார். ‘நீங்கள் சொன்னது சரி, அந்தப் பகுதி போதும். நன்றி.’ எதிர்க் கம்பெனிக்காரன் இன்றுவரை அந்தப் பக்கத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று கேள்வி.

பெரிய மருத்துவமனை அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. ஆர்டரைப் பாதியாகக் குறைத்தார்கள். கூடவே ஒரு நிபந்தனை: இனி சான்றில் என் மனைவி கையெழுத்துப் போடக் கூடாது, வெளியாள் ஒருவர் சரிபார்த்துப் போட வேண்டும். வேலை தப்பியது. இப்போதும் பட்டியல் போடுவது அவள்தான். இருநூற்றுப் பதினான்கையும் அவள்தான் படிக்கிறாள். கடைசித் தாளில் மட்டும் மாதம் ஒருமுறை வரும் ஒரு தணிக்கைக்காரர் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார். அவர் பேனாவை எடுக்கும்போது அவள் வேறு பக்கம் பார்ப்பதை நான் ஒருதரம் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்த நாளில் நான் அந்தப் பக்கம் போவதில்லை.

வீட்டில் அவள் சண்டை போடவில்லை. போட்டிருக்கலாம். சாப்பாடு இருக்கு, கதவைச் சாத்துங்க, பால் வாங்கணும். பத்து நாள் இவ்வளவுதான் பேச்சு. கத்துவதற்குக்கூட எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

பதினோராம் நாள் சாயங்காலம் லேப்டாப்பை மேஜை மேல் திருப்பி வைத்தாள். “உங்க பேரை இனிஷியலோட எப்படி எழுதுவீங்க?”

திரையில், பெட்டிக்குள் தாளோடு சேர்ந்து போகும் மாற்றங்களின் பட்டியல். மேலே தேதியோடு சுருட்டையின் வரிகள்: சேர்த்தது, இரண்டாம் மொழி. அதற்கடியில், ‘மூன்றாம் மொழிக்கு இடம் வேண்டி, ஆசிரியர் பெயரும் லைசென்ஸ் தாளும் இருந்த ஃபோல்டர் நீக்கப்பட்டது. நீக்கியவர்:’ என்று போட்டு, அங்கே காலியாக விட்டிருந்தாள்.

“இது ஒவ்வொரு பெட்டியிலயும் போகுமே” என்றேன். “யாருன்னு எழுதச் சொல்லி லைசென்ஸ்ல இருக்கா?”

“இல்ல. என்ன மாத்தினோம், எப்போ மாத்தினோம்னு சொன்னா போதும்.”

“அப்புறம் எதுக்கு?”

“அந்தத் தம்பி அழிச்சான்னு நான் நாப்பது பேர் காதுல விழுற மாதிரி சொன்னேன். இனிமே நான் எத்தனை தடவை இல்லன்னு சொன்னாலும், அவன்தான்னு சொல்ற ஒருத்தன் எங்கயாவது இருப்பான். சரியான பேர் ஒரு இடத்துலயாவது எழுதியிருக்கணும்ங்க.”

நான் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, என் பெயரை அப்பாவின் இனிஷியலோடு அடித்தேன். ஒரு எழுத்து தப்பாக விழுந்தது, அதை அவள்தான் திருத்தினாள். பிறகு லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு இன்னொரு வரி அடித்தாள். ‘பெயர் இல்லாததை விசாரிக்காமல் நம்முடையது என்று குறித்தவர்:’. அதற்கு எதிரில் தன் பெயரைப் போட்டாள்.

“நீ எதுக்கு?” என்றேன்.

“நான் செஞ்சதுதானே” என்றாள்.

இப்போது நான் ஏணியில் ஏறி மாட்டும் பெட்டி ஒவ்வொன்றிலும் அந்த இரண்டு வரிகளும் போகின்றன. அடுத்தடுத்து எங்கள் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது, கணவன் மனைவி என்று எங்கேயும் எழுதவில்லை.